வெண்பனி மலையில் இருவருக்கு ஓர் உறைவிடம்

 

வில்லியனூர் சுல்தான்பேட்டையிலோ பாகூர் ஏரிப் பாசனத்தில் விளையும் சிற்றூர் ஒன்றிலோ வாழ்கின்ற நமக்குக் குளிர் என்றால் என்ன? மார்கழி விடியலில் சங்கராபரணி ஆற்றின்மீது படரும் மெல்லிய பனிமூட்டம். சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நோக்கி நடக்கும் பெரியவர் காதை மூடிக் கட்டிக்கொள்ளும் துண்டு. பெட்டியின் அடியிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை வெளிவரும் கம்பளி. அவ்வளவுதான் நாம் அறிந்த குளிர்.

ஆயினும் வெண்பனி போர்த்த மலையைக் கண்ணாரக் காணவேண்டும் என்னும் ஆசை இன்று நம் கொம்யூன் கிராமங்களிலும் புகுந்துவிட்டது. வளைகுடாவில் பல்லாண்டுகள் தனித்து உழைத்துத் திரும்பும் கணவர், தம் துணைவியை எங்கேனும் அழைத்துச் செல்ல விரும்புகிறார். பிரான்சில் வாழும் உறவினர் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குப் பலகைகளுடன் நிற்கும் படத்தை அனுப்புகிறார்கள். “நாமும் ஒரு முறை போய்வந்தால் என்ன?” என்ற கேள்வி வீட்டுக் கூடத்தில் எழுகிறது. கேள்வி நல்ல கேள்விதான். கணவனும் மனைவியும் சேர்ந்து பயணம் செய்வது நம் மார்க்கம் வரவேற்கும் செயல். நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம்முடன் வரவேண்டிய துணைவியாரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்ததையும், பயணத்தின் இடையே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடி மகிழ்ந்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குறிப்பிடும் ஒரு சூராவே திருமறையில் உண்டு.

ஆனால், பனிமலைப் பயணம் பற்றிப் பேசத் தொடங்கியதும் நாம் முதலில் விசாரிப்பது பயணக் கட்டணத்தை. அடுத்து, பார்க்கவேண்டிய இடங்களை. எங்கே தங்குவது என்பது கடைசிக் கேள்வியாக, “போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது. பனிமலையில் இந்த வரிசை தலைகீழாக மாறவேண்டும். அங்கே தங்குமிடம் என்பது வெறும் வசதியன்று. அது உடல்நலம், அது தொழுகை, சில வேளைகளில் அது உயிர். ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பூவெளியும் அதன் பனியும்

நம் நாட்டில் பனிச்சறுக்கிற்குப் பெயர்பெற்ற இடம் காஷ்மீரத்தின் குல்மர்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கௌரிமர்க் என்று வழங்கிவந்த இப்புல்வெளிக்குப் ‘பூவெளி’ என்னும் பொருள்பட குல்மர்க் என்று பெயர் சூட்டியவர் 16-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தை ஆண்ட யூசுப் ஷா சக் என்பர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். உதகைக்குச் சென்றவர்கள் தொட்டபெட்டாச் சிகரத்தில் நின்றிருப்பீர்கள். அதன் உயரம் 2,637 மீட்டர். குல்மர்க்கின் அடிவெளியே அந்தச் சிகரத்தின் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் எழுகிறது அஃபர்வத் மலை. கயிற்றுவழி ஊர்தி 1998-இல் கொங்டூரி வரையிலும், 2005-இல் அஃபர்வத்தின் தோளில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரம் வரையிலும் செல்லத் தொடங்கியது. அங்கிருந்து சறுக்கி இறங்குவதற்காக உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வெள்ளையர் ஆட்சியில், 1927-லேயே இங்குப் பனிச்சறுக்குக் கழகம் தோன்றிவிட்டது.

தங்குமிட வரலாற்றிலும் இவ்வூருக்கு ஒரு சுவையான பக்கம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே விடுதி நடத்திய ஐரோப்பியக் குடும்பம் நெடூ குடும்பம். அதில் பிறந்த மைக்கேல் ஹாரி நெடூ இஸ்லாத்தைத் தழுவி, மலைவாழ் குஜ்ஜர் இனப் பெண்ணை மணந்தார். அவர்களின் மகள் அக்பர் ஜஹான் பேகம்தான் பின்னாளில் ஷேக் அப்துல்லாவின் துணைவியாரானவர்.

டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாட்களைக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்பர். பெருங்குளிர் என்று பொருள். அதன்பின் 20 நாட்கள் சிறுகுளிர். பின்னர் 10 நாட்கள் குழந்தைக் குளிர். பனிச்சறுக்கிற்கு உகந்த காலமும் இந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தாம். இரவில் உறைநிலைக்குக் கீழே 10 பாகை வரை இறங்குவது அங்கே வியப்பன்று.

எங்கள் முதல் இரவு

அனுபவப்பட்டதைச் சொல்லாமல் அறிவுரை கூறுவது முறையன்று. 2020 பிப்ரவரியில் நானும் என் இல்லாளும் முதன்முறையாக அங்கே சென்றோம். வாடகை குறைவு என்ற ஒரே காரணத்திற்காகத் தொலைபேசியிலேயே ஓர் அறையைப் பேசி முடித்திருந்தேன். “வெப்பம் உண்டா?” என்று கேட்டேன், “உண்டு” என்றார்கள். “வெந்நீர் உண்டா?” என்றேன், அதற்கும் “உண்டு” என்றார்கள். எப்படிப்பட்ட வெப்பம், எந்நேரம் வெந்நீர் என்று கேட்கும் அறிவு எனக்கு இருக்கவில்லை.

இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். அறையில் இருந்த இரும்பு அடுப்புக்குக் கொடுத்த விறகு நள்ளிரவுக்குள் தீர்ந்தது. பணியாள் இரக்கப்பட்டு, கரிக்கனல் நிரப்பிய சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். குளிர் புகாதிருக்க நான் சன்னல் இடுக்குகளில் துணியைத் திணித்தேன். சுபுஹு நேரத்தில் எழுந்தபோது என் மனைவிக்குத் தாங்கமுடியாத தலைவலி, குமட்டல், நிற்க முடியவில்லை. மலையின் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தேன். ஒளூச் செய்யக் குழாயைத் திறந்தால் நீர் உறைந்து கிடந்தது. உதவி கேட்டுக் கதவைத் தட்டியபோது, அடுத்த அறையில் தங்கியிருந்த காஷ்மீரிப் பெரியவர் ஒருவர் உள்ளே நுழையாமலே வாசலில் நின்று கனல்சட்டியைப் பார்த்தார். “முதலில் சன்னலைத் திறங்கள், சட்டியை வெளியே வையுங்கள், உங்கள் வீட்டுக்காரரைக் காற்றோட்டமான இடத்திற்கு அழைத்து வாருங்கள்” என்றார். அரைமணி நேரத்தில் அவளுக்குத் தலை தெளிந்தது. அல்ஹம்துலில்லாஹ்! அன்று அந்தப் பெரியவர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது.

அன்றே வேறு இடத்திற்கு மாறினோம். இரண்டாம் முறை சென்றபோது கேட்கவேண்டியவற்றைக் கேட்டுவிட்டுச் சென்றோம். அந்தக் கேள்விகளையே இங்கு வரிசைப்படுத்துகிறேன்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

காஷ்மீரத்துத் தங்குமிடங்களில் அறையைச் சூடேற்றும் முறைகள் பல. பெரிய விடுதிகளில் வெந்நீர்க் குழாய்கள் வழியாகக் கட்டடம் முழுவதும் வெப்பம் பரவும். இதுவே பாதுகாப்பானது, செலவும் அதிகம். நடுத்தர விடுதிகளில் மின்சார ஹீட்டரும் படுக்கைக்கு அடியில் விரிக்கும் மின்கம்பளமும் தருவார்கள். மின்சாரம் நின்றால் இவை இரண்டும் நின்றுவிடும். ஆகவே, ஜெனரேட்டர் உண்டா, அது இரவு முழுவதும் ஓடுமா, ஹீட்டருக்கும் மின்சாரம் தருமா அல்லது விளக்குக்கு மட்டுமா என்று தனித்தனியே கேட்கவேண்டும்.

மூன்றாவது, ‘புகாரி’. நம் செவிக்குப் புகாரி என்றதும் ஸஹீஹுல் புகாரிதான் நினைவுக்கு வரும். அங்கோ அது புகைபோக்கி பொருத்திய இரும்பு விறகடுப்பின் பெயர். புகைபோக்கி அடைப்பின்றி வெளியே செல்லுமாயின் அருமையான வெப்பம் தரும். இரவுக்கு எவ்வளவு விறகு, கூடுதல் விறகிற்குத் தனிக்கட்டணமா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். நான்காவது, ‘காங்கிரி’. பிரம்புக் கூடைக்குள் வைத்த மண்சட்டியில் கரிக்கனல். ‘ஃபிரன்’ என்னும் தொளதொளத்த அங்கிக்குள் அதை வைத்துக்கொண்டு காஷ்மீரிகள் வீதியில் நடப்பதைக் காணலாம். திறந்தவெளியில் அது நண்பன். அடைத்த அறையில் பகைவன்.

காரணம் இதுதான்: கரியோ விறகோ போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதி ஆக்சிஜனைச் சுமப்பதை அது தடுத்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரின் பாந்த்ரேட்டன் பகுதியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் இவ்வாறு மூச்சுத்திணறி மாண்ட செய்தி நாட்டையே உலுக்கியது. உறங்கும் அறையில் கனல்சட்டி வேண்டாம். எவ்வளவு குளிரானாலும் சன்னலில் ஒரு விரற்கிடை திறந்திருக்கட்டும்.

‘ஹமாம்’ வசதியுள்ள இல்லம் கிடைக்குமாயின் அது பெரும்பேறு. கற்பலகைகள் பாவிய தரையின் அடியில் விறகெரித்து அறையையே சூடாக்கும் முறை இது. அடுப்பு தரைக்குக் கீழே, வெளிப்புற வாயிலுடன் இருக்கும். அதே நெருப்பில் செம்புக் கொப்பரையில் நீரும் காயும். காஷ்மீரத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஹமாம் உண்டு. முதியவர்கள் தொழுகைக்கு முன்னும் பின்னும் அங்கே அமர்ந்து கதகதப்பில் உரையாடும் காட்சி மனத்திற்கு இதமானது.

வெந்நீரும் தொழுகையும்

கடமையான குளிப்பு என்பது இல்லறத்தாருக்குப் புதிதன்று. உறைபனி விடியலில் அது எப்படி நிறைவேறும் என்பதைத் தம்பதியர் முன்கூட்டியே எண்ணவேண்டும். வெட்கத்தால் பலர் இதைப் பேசுவதில்லை. அங்கே போய் அல்லலுறுகிறார்கள். பெரும்பாலான விடுதிகளில் வெந்நீர் காலை 8 மணிக்குத்தான் வரும். சுபுஹோ அதற்கு வெகுநேரம் முன்பு. ஜனவரியில் அங்கே சூரியன் உதிப்பது 7.30 மணியை ஒட்டி. நம் ஊரைவிட ஒரு மணி நேரம் தாமதம். எனவே, “விடியற்காலை 6 மணிக்கு வெந்நீர் கிடைக்குமா?” என்று நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அறைக்குள்ளேயே கீசர் இருந்தால், குழாய் உறையாதிருக்க என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுகவிடுவது அங்குள்ள வழக்கம். ஒரு வாளி நீரை இரவிலேயே பிடித்துவைத்துக்கொள்வதும் நல்லது.

மார்க்கம் இங்கே எளிமையைத் தந்திருக்கிறது. ஒளூவுடன் அணிந்த தோல் காலுறையின்மீது பயணி மூன்று பகல், மூன்று இரவு மஸ்ஹு செய்துகொள்ளலாம். உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு பகல், ஓர் இரவு. நாம் அன்றாடம் அணியும் மெல்லிய நூல் காலுறைக்கு இச்சலுகை பொருந்தாது. ஆகவே, புறப்படும்போதே தோல் காலுறை இரண்டு இணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீர் உண்மையிலேயே உடலுக்குத் தீங்கு செய்யும் நிலையில் தயம்மும் உண்டு. ஆனால், வெந்நீர் பெற வழியிருக்கும்போது சோம்பலுக்காக அதை நாடலாகாது.

எத்தனை இரவுகள் தங்குவது என்பதும் தொழுகையோடு தொடர்புடைய கேள்வி. ஹனஃபி மத்ஹபில், ஓரூரில் 15 நாட்கள் தங்க எண்ணும்வரை பயணிக்குரிய சலுகை நீடிக்கும். ஷாஃபிஈ மத்ஹபில், வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக 4 நாட்கள் தங்க எண்ணினால் அச்சலுகை இல்லை. மேலும், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் பயணி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி சகோதரர்கள் அந்தந்த நேரத்திலேயே தொழவேண்டும். பகல் முழுவதும் பனிச்சரிவில் இருக்கப்போகும் ஹனஃபித் தம்பதியர், நடந்துசென்று தொழுதுவிட்டுத் திரும்பக்கூடிய தொலைவில் தங்குவதே பொருத்தம். உங்கள் மஹல்லா ஆலிமிடம் பயணத் திட்டத்தைச் சொல்லி விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள்.

கிப்லாவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. புதுவையிலிருந்து தொழும் நாம் மேற்கிலிருந்து ஏறத்தாழ 19 பாகை வடக்காகத் திரும்புகிறோம். குல்மர்க்கிலோ மேற்கிலிருந்து ஏறத்தாழ 13 பாகை தெற்காகத் திரும்பவேண்டும். ஊர்ப் பழக்கத்தில் வடமேற்காக நின்றுவிடாதீர்கள். அறைக்குள் நுழைந்ததும் திசைகாட்டியால் கிப்லாவைக் குறித்துக்கொண்டு, அப்பக்கம் முஸல்லா விரிக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். சிறிய அறைகளில் கட்டிலும் அடுப்பும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஊரின் பள்ளிவாசல் எவ்வளவு தொலைவு என்பதையும் விசாரியுங்கள். ஜும்ஆவுக்குப் பனியில் நடக்கவேண்டியிருக்கும்.

கோஷாவும் மறைவும்

புகாரி அடுப்புள்ள அறைகளில் நாம் எதிர்பாராத சங்கடம் ஒன்று உண்டு. விறகிடவும் சாம்பல் அள்ளவும் பணியாள் அடிக்கடி உள்ளே வருவார். விடியற்காலையில் நாம் உறங்கும்போதே வந்து அடுப்பு மூட்டுவதும் அங்கே சாதாரணம். அவர்கள் அதைப் பணிவிடையாகவே கருதுகிறார்கள். ஆயினும் நம் பெண்களுக்கு அது எத்தனை இடர்! எனவே வந்த அன்றே, “கதவைத் தட்டி, பதில் வந்த பின்னரே நுழையவேண்டும், இன்ன நேரத்தில் மட்டும் வரவேண்டும்” என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். அவர்களும் முஸ்லிம் குடும்பத்தினரே, சொன்னால் புரிந்துகொள்வார்கள். உள்தாழ்ப்பாள் உறுதியானதா, குளியலறை அறையோடு சேர்ந்ததா, சுவர் வெறும் பலகைத் தடுப்பா என்பவற்றையும் கேட்டறியுங்கள். பைன் மரப் பலகைச் சுவர்கள் பார்க்க அழகு; ஆனால் அடுத்த அறைப் பேச்சு முழுவதும் கேட்கும்.

மேலேயா, கீழேயா?

குல்மர்க்கிற்கு 13 கிலோமீட்டர் கீழே தங்மர்க் என்னும் ஊர் உண்டு. அங்கே வாடகை குறைவு. குளிரும் சற்றுக் குறைவு. பாபா ரேஷி அவர்களின் ஸியாரத் அமைந்திருப்பதும் அதன் அருகிலேயே. ஆனால் கனத்த பனி விழுந்தால் மேலே செல்லும் பாதை மூடப்படும். சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளையும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளையுமே அனுமதிப்பார்கள். நாள்தோறும் வண்டி மாற்றி ஏறி இறங்கும் செலவைக் கூட்டிப் பார்த்தால், வாடகையில் மிச்சப்பட்டது கரைந்துவிடும். சறுக்கு கற்கவே செல்பவர்கள் மேலேயே தங்குவது நன்று. பனியைக் கண்டு திரும்பினால் போதும் என்போர், ஓரிரவை மட்டும் மேலே வைத்துக்கொண்டு மற்ற நாட்களை ஸ்ரீநகரில் கழிக்கலாம்.

மேலே தங்குவோர் கயிற்றுவழி நிலையத்திற்கும் விடுதிக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை நிமிடக் கணக்கில் கேளுங்கள். கனத்த பூட்சும் பலகைகளும் சுமந்துகொண்டு பனியில் நடப்பது, நம் ஊர்ச் சாலையில் நடப்பது போன்றதன்று. அரை கிலோமீட்டரே மூச்சு வாங்கும். ஈரமான பூட்சுகளையும் கையுறைகளையும் உலர்த்தத் தனியறை உண்டா என்பது அடுத்த கேள்வி. இரவில் உலராத காலணி காலையில் கல்லாக உறைந்திருக்கும். முழங்கால் வலியுள்ள துணைவியானால் தரைத்தள அறையே கேளுங்கள்.

உயரத்தையும் மறவாதீர்கள். கடற்கரை மட்டத்திலிருந்து சென்ற நாம் முதல் நாள் ஓய்வெடுத்து, மெல்ல நடந்து பழகவேண்டும். வந்த அன்றே அஃபர்வத் உச்சிக்கு ஏறத் துடிக்கக் கூடாது. இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே புறப்படுங்கள்.

சறுக்கும் இடம் எது?

புதிதாகக் கற்போருக்கு ஊரின் அடிவெளியிலுள்ள மென்சரிவுகளே போதும். 1968 முதல் இயங்கிவரும் இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்றப் பயிற்சி நிலையம் அங்கே இருக்கிறது. மேலே அஃபர்வத்தில், கண்காணிக்கப்படும் எல்லைக்கு அப்பால் தடம்படாத பனிவெளி விரிந்து கிடக்கிறது. அனுபவமுள்ளோரை அதுதான் ஈர்க்கிறது. பனிச்சரிவு விபத்துகள் நிகழ்வதும் அங்கேதான். 2010 பிப்ரவரியில் இராணுவப் பயிற்சியிலிருந்த 17 வீரர்கள் குல்மர்க் அருகே பனிச்சரிவில் மாண்டனர். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் உயிரிழந்தனர். வழிகாட்டி, பனியில் புதைந்தவரைக் கண்டறியும் கருவி, துழாவும் கோல், மண்வாரி ஆகிய நான்கும் இன்றி அவ்வெல்லையைத் தாண்டுவது தற்கொலைக்கு ஒப்பு.

தங்குமிடத் தேர்வுக்கும் இதற்கும் தொடர்புண்டு. நல்ல விடுதிக்காரர் அன்றாடப் பனிச்சரிவு எச்சரிக்கையை விருந்தினருக்குச் சொல்வார். பதிவுபெற்ற பயிற்சியாளரை அறிமுகப்படுத்துவார். மாலையில் திரும்பாதவரைத் தேடுவார். “இன்று மேலே போகவேண்டாம்” என்று நம் பணத்தைப் பொருட்படுத்தாமல் தடுக்கும் விடுதிக்காரரே நம்பத்தக்கவர். எவ்வளவு நேரத்தில், எந்த வழியில் திரும்புவீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிட்டே புறப்படுங்கள்.

உணவு

காஷ்மீரிகளும் நம்மைப்போல் சோறுண்ணும் மக்கள். ஹலாலைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டியதில்லை. ஆயினும் பெரிய விடுதிகள் சிலவற்றில் மதுக்கூடமும் இருக்கும், கேட்டறிந்து தவிர்த்துக்கொள்ளுங்கள். ரிஸ்தா, ரோகன் ஜோஷ், குஷ்தாபா என்று வரிசையாக வரும் வாஸ்வான் விருந்தை, நால்வர் ஒரே தட்டைச் சுற்றியமர்ந்து உண்பது அவர்கள் மரபு. நம் மஹல்லாக் கல்யாணங்களில் ஸஹன் சாப்பாடு உண்டவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சோம்பும் சுக்கும் மணக்கும் குழம்பு சில நாட்களில் சலிக்கலாம்; ஒரு புட்டி ஊறுகாயும் கொஞ்சம் பருப்புப் பொடியும் கொண்டுசெல்வது நம் பெண்களின் பழைய ஞானம். இளஞ்சிவப்பு நிற உப்புத் தேநீரை முதல் முறை பருகும்போது முகம் சுளிக்கலாம். மூன்றாம் நாள் நீங்களே கேட்பீர்கள்.

2026-இலும் 2027-இலும் ரமலான் பிப்ரவரியில் பிறக்கிறது. அப்போது செல்ல நினைப்போர், ஸஹர் உணவு தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். நோன்பு வைத்துக்கொண்டு பனியில் சறுக்குவதைவிட, ரமலானுக்கு முன்னரே சென்று திரும்புவது மேல்.

பாதையும் பணமும்

2025 ஜூனில் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் தொடங்கியபின் தரைவழிப் பயணம் எளிதாகியிருக்கிறது. சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸில் கத்ரா சென்று அங்கே மாறலாம். பனிக்காலத்தில் விமானங்கள் தாமதமாவதும் நிற்பதும் உண்டு. எனவே, வரமுடியாமற் போனால் முன்பணம் திரும்புமா, ஒரு நாள் தள்ளி வந்தால் ஏற்பார்களா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாடகையில் உணவு, விறகு, ஹீட்டர் ஆகியவை அடங்குமா என்பதும் அதே எழுத்தில் வரட்டும். கடன்களைப் பற்றி எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. ஒப்பந்தம் எழுதுவது அவநம்பிக்கையன்று.

வட்டிக்குக் கடன் வாங்கியோ தவணைக்கு வட்டி கட்டியோ பனிமலை பார்க்கவேண்டாம். ஹராமில் வாங்கிய இன்பத்தில் பரக்கத் இராது. பாகூர் வட்டாரத்து விவசாயக் குடும்பத்தினர் தை அறுவடை முடிந்து கையில் பணமும் ஓய்வும் இருக்கும் பிப்ரவரி நடுவில் செல்லலாம். சில்லை கலானின் கொடுங்குளிரும் அதற்குள் தணிந்திருக்கும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் நிகழ்ந்த கொடுந்தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள், சுற்றுலாப் பயணிகளைக் காக்க முயன்ற உள்ளூர்க் குதிரைக்காரரும் ஒருவர். அதன்பின் பல இடங்கள் மூடப்பட்டு, படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஆகவே, முன்பணம் செலுத்துமுன் அப்போதைய அரசு அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

பிரான்சிலுள்ள உறவினர் அழைப்பின்பேரில் ஆல்ப்ஸ் செல்வோருக்கு ஒரு குறிப்பு. உயர்மலைகளில் உள்ள ‘ரெஃப்யூஜ்’ எனப்படும் மலைக்குடில்களில் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுப்பதே வழக்கம். நம் தம்பதியருக்கு அது பொருந்தாது. பள்ளத்தாக்கு ஊர்களில் சமையலறையுடன் கூடிய தனி வீட்டை நாள் வாடகைக்கு எடுத்து, ஹலால் இறைச்சியை நகரத்திலேயே வாங்கிச்சென்று சமைப்பதே அவர்களுக்கு ஏற்ற வழி.

தேர்வு யாருடையது?

இறுதியாக ஒன்று. இக்கேள்விகளையெல்லாம் தொலைபேசியில் கேட்பவர் கணவராக இருக்கலாம். ஆனால் என்ன கேட்கவேண்டும் என்பதை மனைவியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் முறை நான் அவளைக் கேட்கவில்லை. வாடகையை மட்டுமே பார்த்தேன். விலையை அவள் கொடுத்தாள். இரண்டாம் முறை சென்றபோது, அவள் சொன்ன ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டே பேசினேன். கிடைத்தது பெரிய விடுதியன்று. ஒரு குடும்பத்தார் நடத்தும் எளிய இல்லம். ஹமாம் இருந்தது. சுபுஹுக்கு வெந்நீர் இருந்தது. அவ்வீட்டுப் பெண்மணி என் மனைவியை அடுப்படிக்கே அழைத்துக்கொண்டு போனார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது; ஆயினும் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒலி கூடம் வரை கேட்டது. பனிச்சறுக்கில் நாங்கள் விழுந்த முறைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் ஊர் திரும்பியபின் அவள் எல்லோரிடமும் சொன்னது அந்த அடுப்படியைப் பற்றித்தான்.

ஓரிடத்தில் இறங்கித் தங்கும்போது ஓதவேண்டிய துஆவை நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். அதை மனனம் செய்துகொண்டு புறப்படுங்கள். கேட்கவேண்டியதைக் கேட்டு, கட்டவேண்டியதைக் கட்டி, பின்னர் அல்லாஹ்வின்மீது பொறுப்பைச் சாட்டுங்கள். வல்ல நாயன் உங்கள் இல்லறத்திற்கும் பயணத்திற்கும் பாதுகாப்பையும் மகிழ்ச்சியையும் அருள்வானாக! ஆமீன்.